இருக்கையில் ஏறுவதற்கு முன்: கனரக இயந்திர ஆபரேட்டர் பயிற்சி குறித்துச் சில எண்ணங்கள்

கனரக இயந்திரங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பி என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "பயிற்சியில் எத்தனை மணி நேரம் வண்டியைக் கையில் கொடுப்பார்கள்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. வகுப்பறையில் படம் காட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் இடங்களும் இருப்பதால், இருக்கையில் அமரும் நேரம் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இந்த இயந்திரங்களை ஓட்டியும், பின்னர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. நல்ல பயிற்சியை அளப்பதற்கு, இருக்கையில் அமர வைக்கும் நேரத்தோடு, வண்டியை விட்டு இறக்கித் தரையில் நிற்க வைக்கும் நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும் கை சில வாரங்களில் பழகிவிடும். மண்ணையும் சுமையையும் சுற்றி நிற்கும் ஆட்களையும் பார்க்கும் கண் அவ்வளவு விரைவில் பழகாது.

கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை முறையாகத் தொடங்குவது மிக முக்கியம். மண் தோண்டும் இயந்திரமான எக்ஸ்கவேட்டரில், உடலோடு இணைந்த பெரிய கை பூம், அதன் நுனியில் மடங்கி நீளும் சிறிய கை ஆர்ம், அதன் முனையில் மண் அள்ளும் தொட்டி பக்கெட். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) முறையில், இடது ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் அசைத்தால் மேல்பகுதி முழுவதும் அந்தந்தப் பக்கம் சுழலும். முன்னால் தள்ளினால் ஆர்ம் வெளியே நீளும், பின்னால் இழுத்தால் உள்ளே வரும். வலது ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் பூம் இறங்கும், இழுத்தால் ஏறும். இடப்பக்கம் சாய்த்தால் பக்கெட் மடங்கி மண்ணை அள்ளும், வலப்பக்கம் சாய்த்தால் திறந்து கொட்டும். இன்னொரு முறையில் பூமும் ஆர்மும் கை மாறிவிடும். பல இயந்திரங்களில் ஒரு வால்வைத் திருப்பினாலே ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஆகவே, வேறொருவர் ஓட்டிய வண்டியில் ஏறும் எந்த ஆபரேட்டரும், எஞ்சினை மெதுவான வேகத்தில் வைத்து, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, ஒவ்வோர் அசைவையும் ஒரு முறை சோதித்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிவிடும் பயிற்றுநர், மாணவருக்குப் பெரிய உதவி செய்தவராவார்.

புதியவர் ஒரு நேரத்தில் ஓர் அசைவைத்தான் செய்வார். பூமை உயர்த்துவார், நிறுத்துவார், திருப்புவார், நிறுத்துவார், பக்கெட்டைத் திறப்பார். பழகியவரின் கையில் இவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓட்டமாக வரும். அதைவிடக் கடினமானது தரையைச் சமமாக இழுத்துவிடும் வேலை. ஆர்மை உள்ளே இழுக்கும்போது பக்கெட்டின் பல் நேர்கோட்டில் வராது, வளைவாகவே வரும். தொலைவிலிருந்து இழுக்கத் தொடங்கும்போது அது கீழே போய்க்கொண்டே இருக்கும், ஆர்ம் செங்குத்தான நிலையைத் தாண்டியதும் மேலே எழத் தொடங்கும். எனவே முதல் பாதியில் பூமைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும், பிற்பாதியில் சிறிது சிறிதாக இறக்க வேண்டும், அதே நேரத்தில் பக்கெட்டின் சாய்வும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைகளும் மூன்று வேலைகளை ஒரே இழுப்பில் செய்யும் இந்தப் பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொல்வேன். தரையில் பல் வரியாகப் படாமல் ஒரே மட்டத்தில் மண் வழித்து வரும் நாள் வந்தால், கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாள் வந்ததும் பலர் பயிற்சி முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கேதான் அது தொடங்குகிறது.

முதலில் மண். ட்ராக் பூட்டிய இயந்திரங்கள் உருவானதே மண்ணின் குணத்தால்தான். கலிபோர்னியாவின் ஆற்றுக் கழிமுகப் பகுதியில், நீராவி டிராக்டர்களின் கனமான சக்கரங்கள் சேற்றில் புதைந்துபோனதால், பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904-ஆம் ஆண்டில் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தொடர் பட்டைகளைப் பூட்டிச் சோதித்தார். எடையைப் பரந்த இடத்தில் பரப்பினால் மென்மையான மண்ணும் தாங்கும் என்பதே அதன் அடிப்படை. இருபது டன் எடையுள்ள ஒரு எக்ஸ்கவேட்டர் சமதளத்தில் நிற்கும்போது, ட்ராக்கின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அரை கிலோ அளவிலேயே அழுத்தம் விழுகிறது. ஒரு காரின் டயர் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்துகிறது. இதைக் கேட்கும் மாணவர் வியப்பார். வியப்போடு ஒரு தவறான தைரியமும் அவருக்கு வந்துவிடும். அந்த அரை கிலோக் கணக்கு வண்டி அசையாமல் நிற்கும்போது மட்டுமே பொருந்தும். பூமை ஒரு பக்கமாக நீட்டி, மண் நிறைந்த பக்கெட்டோடு திரும்பும்போது எடையில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து ட்ராக்கின் விளிம்பில் போய்க் குவிகிறது. குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு ட்ராக்குக்குக் குறுக்காகத் தோண்டும் ஆபரேட்டர், அந்த ஓரத்தில் எவ்வளவு சுமையை ஏற்றுகிறோம் என்பதை உணர்ந்திருக்க வேண்டும். ட்ராக்குகள் குழிக்கு நேராக இருக்கும்படி நிறுத்தி, ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பின்னால் வைத்துக்கொண்டால், மண் அசைவதைக் கண்டதும் பின்வாங்கிவிட முடியும். குறுக்காக நின்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இந்த ஸ்பிராக்கெட் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. எக்ஸ்கவேட்டரின் மேல்பகுதி முழு வட்டமாகச் சுழலும் என்பதால், சிறிது நேரம் வேலை செய்த பிறகு அடிப்பகுதி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது இருக்கையில் இருப்பவருக்கு மறந்துவிடும். ஸ்பிராக்கெட் பின்னால் இருந்தால், பெடலை முன்னால் அழுத்தினால் வண்டி முன்னால் போகும். மேல்பகுதி திரும்பி ஸ்பிராக்கெட் முன்னால் வந்துவிட்டால், அதே பெடல் வண்டியைப் பின்னால் கொண்டுபோகும். இடமும் வலமும் மாறிவிடும். பெடலைத் தொடுவதற்கு முன் தலையை வெளியே நீட்டி ஸ்பிராக்கெட் எங்கே என்று பார்ப்பதற்கு இரண்டு வினாடி போதும். அந்த இரண்டு வினாடியை ஒருபோதும் விடாதவரிடம் நான் என் வண்டிச் சாவியை நம்பிக் கொடுப்பேன்.

நான் தொழில் கற்ற காலத்தில் எனக்கு மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். காலையில் தோண்ட வேண்டிய இடத்துக்கு வந்ததும் வண்டியில் ஏற மாட்டார். முந்தைய நாள் வெட்டிய குழியின் ஓரத்துக்குச் சற்று விலகியே நடந்து போய், ஓரத்துக்கு இணையாக வெடிப்பு ஏதும் ஓடுகிறதா என்று பார்ப்பார். பிறகு தோண்டிப் போட்ட குவியலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் ஈரம் தட்டுப்படும்வரை பிசைந்து, இரண்டு கைகளுக்கும் நடுவே மெல்லிய கயிறுபோல உருட்டுவார். சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டிய துண்டை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிடுவார். இரண்டு அங்குல நீளத்துக்கு அறுந்து விழாமல் தொங்கினால் அது பசையுள்ள மண். உருட்டும்போதே உதிர்ந்துவிட்டால் மணல் சார்ந்தது, சுவர் நிற்காது. யாரிடமும் அவர் விளக்கம் சொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதே சோதனை அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளோடு இணைந்த வழிகாட்டலில் மண்ணை வகைப்படுத்தும் முறைகளில் ஒன்றாக இருப்பதைப் படித்தபோதுதான், அவர் நாள்தோறும் செய்துவந்தது எவ்வளவு பெரிய பாடம் என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையிருக்கும். நனைந்திருந்தால் இரண்டு டன்னை நெருங்கும். குழிக்குள் நிற்பவரின் மார்புவரை மண் சரிந்தாலே போதும், முகம் வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. அமெரிக்க விதிகளின்படி, திடமான பாறையில் வெட்டப்பட்டதல்லாத 5 அடி அல்லது அதற்கு மேல் ஆழமான குழியில் ஆட்கள் இறங்க வேண்டுமானால், பக்கங்களைச் சரிவாக வெட்டியோ முட்டுக்கொடுத்தோ காப்புப் பெட்டி இறக்கியோ பாதுகாத்திருக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளிக் கொட்ட வேண்டும். மற்ற நாடுகளில் எண்கள் சற்று மாறலாம், காரணம் மாறாது. அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்பவர் ஆபரேட்டர்தான். பக்கெட்டைத் திருப்பும் தூரத்தைக் குறைத்தால் நேரம் மிச்சமாகும் என்று விளிம்பிலேயே கொட்டிச் செல்பவர், குழிக்குள் இறங்கிக் குழாய் பொருத்தப்போகும் ஆளின் தலைக்கு மேலே சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார். தரையில் நின்று, அந்தக் குழிக்குள் ஒரு முறையாவது முறையான பாதுகாப்போடு இறங்கி மேலே பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. அதனால்தான் ஆபரேட்டராக விரும்புபவர் சில மாதங்களாவது ஹெல்பராக வேலை பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

ஹெல்பர் வேலையை இழிவாகப் பார்க்கும் மனப்பான்மை புதியவர்களிடம் இருக்கிறது. பணம் கட்டிப் பயிற்சி பெற்றுவிட்டு கிரீஸ் அடிக்கவா வந்தோம் என்று வருத்தப்படுகிறார்கள். கிரீஸ் அடிப்பவர்தான் வண்டியின் ஒவ்வொரு பின்னையும் புஷ்ஷையும் தொட்டுப் பார்க்கிறார்; பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வருகிறதா, பின்னில் ஆட்டம் இருக்கிறதா, பக்கெட் பல் தேய்ந்து அதைத் தாங்கும் அடாப்டர் வெளியே தெரிகிறதா என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். எஞ்சின் ஆயில், கூலண்ட், டீசலில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி, ட்ராக்கின் தொய்வு என்று தினமும் பார்க்க வேண்டியவற்றின் வரிசை எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது, அதை இங்கே ஒப்பிக்க வேண்டியதில்லை. அவற்றில் பலரும் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹைட்ராலிக் ஆயிலின் அளவைப் பார்ப்பதற்கு, பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் அந்த இயந்திரத்தின் கையேடு காட்டும் நிலையில் தரையில் வைத்திருக்க வேண்டும். சிலிண்டர்கள் நீண்டிருந்தால் அவற்றுக்குள் ஆயில் கூடுதலாகப் போயிருக்கும், டேங்கில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து ஆயிலை ஊற்றிவிட்டால், சிலிண்டர்கள் மடங்கும்போது டேங்க் அளவுக்கு மீறி நிறைந்துவிடும்.

ஹைட்ராலிக் ஆயிலைப் பற்றி இன்னொன்றும் உண்டு. பயிற்சி நிலையங்கள் இதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் தகும். இருபது டன் எக்ஸ்கவேட்டரின் குழாய்களில் 300 பாருக்கும் மேலான, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ முந்நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஆயில் ஓடுகிறது. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் வெளியே வரும் கீற்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிபோலத்தான் காயம் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை மருத்துவரிடம் போகாமல் தாமதித்தவர்கள் விரலையும் கையையும் இழந்திருக்கிறார்கள். கசிவைத் தேடும்போது கையால் தடவக் கூடாது. அட்டைத் துண்டையோ மரத்துண்டையோ நீட்டித்தான் பார்க்க வேண்டும். அடிபட்டவரை அழைத்துச் செல்பவர், உள்ளே போனது உயர் அழுத்த ஹைட்ராலிக் ஆயில் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, சுற்றி நிற்பவர்கள். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கத்தில் பூம் மறைக்கும், பின்பக்கத்தை, வண்டி முன்னால் கவிழாதிருக்க வைத்த கனமான கவுண்டர்வெயிட் மறைக்கும். கேமராக்கள் வந்து நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும் சேறு அப்பிய கேமரா இல்லாததற்குச் சமம். நான் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு மாணவரையும் இருக்கையில் உட்கார வைத்து, எஞ்சினை அணைத்து, மற்றவர்களை வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்வேன். எந்த இடத்தில் ஆள் கண்ணிலிருந்து மறைகிறாரோ அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்பால் கோடு போடச் சொல்வேன். சுற்றி முடித்து அவர் இறங்கி வந்து அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, ஒரு வளர்ந்த மனிதர் நிமிர்ந்து நின்றாலும் தெரியாத இடம் எவ்வளவு பரந்தது என்பது சொல்லாமலே புரிந்துவிடும். பிறகு அவரும் மற்றவர்களோடு அந்தக் கோட்டுக்குள் நின்று பார்க்க வேண்டும். கவுண்டர்வெயிட் சுழலும் வட்டத்துக்குள் சுவரோ வேறொரு வண்டியோ இருந்தால் அந்த இடுக்கைத் தடுப்பு வைத்து அடைத்துவிட வேண்டும். சைகை காட்டுபவர் கண்ணிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும், அவர் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும், கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். பேச வேண்டியிருந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பாதுகாப்பு லீவரைப் பூட்டிய பிறகே பேச வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் சட்டைக் கை மாட்டினாலே பூம் அசைந்துவிடும்.

சுமை தூக்குவதில் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு எப்போதும் கவலை தருவது. கிரேன் ஓட்டுபவர் சுமைப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் தூக்க மாட்டார். எக்ஸ்கவேட்டரில் குழாயைத் தூக்கி இறக்கும்போதும் அதே ஒழுங்கு தேவை, ஏனென்றால் இதற்கும் பட்டியல் உண்டு. ஐஎஸ்ஓ 10567 என்ற தரவிதியின்படி, கவிழும் நிலைக்குக் கொண்டுபோகும் சுமையில் 75 விழுக்காடு, ஹைட்ராலிக் அமைப்பால் தூக்கக்கூடிய சுமையில் 87 விழுக்காடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அந்த நிலைக்கான அனுமதிக்கப்பட்ட சுமை. வண்டிக்கு அருகில் எளிதாகத் தூக்கிய குழாயைத் தள்ளி இறக்குவதற்காக ஆர்மை நீட்டும்போது, எடை மாறாவிட்டாலும் தூரம் கூடுகிறது, கவிழ்க்கும் விசையும் கூடுகிறது. ட்ராக்கின் நீளவாக்கில் தாங்கும் சுமையை, குறுக்காகத் திரும்பிய நிலையில் பெரும்பாலும் தாங்காது. பக்கெட்டின் எடை பட்டியலில் கழிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதை அடிக்குறிப்பைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் பயிற்சியை முடித்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். குறை அவர்களுடையதல்ல, சொல்லிக்கொடுக்காமல் விட்டவர்களுடையது.

வண்டி சாயத் தொடங்கினால் மனித உடல் தானாகவே வெளியே குதிக்கத்தான் முற்படும். அந்த உந்துதலைப் பயிற்சியால் அடக்கியாக வேண்டும். கவிழ்ந்தாலும் நசுங்காதபடி கேபினின் சட்டகம் வடிவமைக்கப்பட்டிருக்கும் இயந்திரங்களில், அந்தச் சட்டகம் காப்பது உள்ளே பெல்ட் போட்டு அமர்ந்திருப்பவரைத்தான். குதிப்பவர் மேல் அதே சட்டகம் வந்து விழும். பெல்ட் போடுவதில் சலுகை காட்டும் பயிற்றுநரிடம் வேறு எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மின்கம்பியும் அப்படித்தான். அமெரிக்க விதிகள் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி விலகியிருக்கச் சொல்கின்றன. மின்னழுத்தம் கூடக்கூட அந்தத் தூரமும் கூடும். கம்பியில் பூம் பட்டுவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும், மற்றவர்களையும் அருகே வரவிடக் கூடாது. தீப்பிடித்து, இறங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்தே விலகிப் போக வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, தரையில் பலமுறை செய்து பார்க்க வேண்டும்.

எந்த இயந்திரத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ரோலரில் தொடங்கினால் மண் எப்படி இறுகுகிறது, ஈரம் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகிறது என்பது புரியும். இது பின்னர் எல்லா இயந்திரத்துக்கும் உதவும். 1950-களில் ஜேசிபி நிறுவனம் பரவலாக்கிய, முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட இயந்திரம், இரண்டு தொழிலின் அடிப்படையையும் ஒரே இடத்தில் கற்றுத்தரும். டோசர், பார்ப்பதற்கு முரட்டு வேலை போலிருக்கும். 1923-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் கம்மிங்ஸ், எர்ல் மெக்லியோட் என்ற இருவர் டிராக்டரின் முன்னால் தகடு பூட்டி உருவாக்கிய காலத்திலிருந்து இன்றுவரை, அதை ஓட்டுபவர் தகட்டின் விளிம்பைவிடத் தன் இருக்கையின் வழியாகவே மேடுபள்ளத்தை அதிகம் உணர்கிறார். கிரேடர்தான் எல்லாவற்றிலும் நீண்ட காலம் கேட்பது. சாலையின் இறுதி மட்டத்தைச் சில மில்லிமீட்டர் பிசகாமல் இழுத்துவிடும் கிரேடர் ஆபரேட்டருக்கு எந்தச் சைட்டிலும் தனி மதிப்பு உண்டு, அது அவர் உழைத்துச் சம்பாதித்தது. கிரேன் வேறு வழி. பல நாடுகளில் அதற்குத் தனிச் சான்றும் தேர்வும் கட்டாயம்.

இப்போது பயிற்சி நிலையங்களில் சிமுலேட்டர்கள் பெருகியிருக்கின்றன. அவற்றை நான் வரவேற்கிறேன். கையசைவுகளைப் பழகுவதற்கும், டீசல் செலவில்லாமல் ஒரே வேலையை நூறு முறை திரும்பச் செய்வதற்கும், உண்மையில் செய்து பார்க்கவே முடியாத ஆபத்தான நிலைகளை அனுபவிப்பதற்கும் அவை சிறந்தவை. ஆனால் பாறையில் பக்கெட் மோதும்போது முதுகெலும்பு வரை வரும் அதிர்வையும், ஒரு பக்கத்து ட்ராக் மெதுவாகப் புதையும்போது உடல் உணரும் சாய்வையும், எஞ்சினின் சத்தம் கனத்துப்போவதையும் திரையால் முழுமையாகத் தர முடியாது. செயற்கைக்கோள் வழிகாட்டலோடு பக்கெட்டின் ஆழத்தைத் திரையில் காட்டும் கருவிகளும் அப்படியே. சுரங்கங்களில் ஆளில்லாமல் ஓடும் பெரிய டிரக்குகளைக் கோமட்சு நிறுவனம் 2008-ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டின் கேப்ரியலா மிஸ்ட்ரல் செப்புச் சுரங்கத்தில் இயக்கத் தொடங்கிவிட்டது. இதைக் காட்டி, இந்தத் தொழிலுக்கே எதிர்காலம் இல்லை என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடும் டிரக்கும், நிலத்தடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் தோண்டும் எக்ஸ்கவேட்டரும் ஒன்றல்ல. திரை சொல்வதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆபரேட்டருக்கு வேலை குறையாது என்றே நான் நம்புகிறேன்.

சரிபார்ப்பதற்குக் கொஞ்சம் கணக்கு தெரிய வேண்டும். நூற்றுக்கு இரண்டு சரிவு என்றால் பத்து மீட்டர் தூரத்தில் 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தரையில் இறுகிக் கிடந்த சாதாரண மண்ணைத் தோண்டினால் அது ஏறத்தாழ கால்பங்கு பெருத்துவிடும்; எனவே நூறு கன மீட்டர் குழிக்கு நூறு கன மீட்டர் கொள்ளும் டிப்பர்களை வரவழைத்தால் போதாது. வெடித்த பாறை இன்னும் அதிகமாகப் பெருக்கும். பள்ளியில் கணக்கு வராது என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள்கூட, மண் குவியலைக் கண்ணெதிரே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மிக விரைவாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது முதுகும் காதும்தான். உடல் முழுவதும் பரவும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டிலேயே தினசரி வரம்பு வகுத்திருக்கிறது. இருக்கையின் சஸ்பென்ஷனைத் தன் எடைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வது, மேடுபள்ளத்தில் வேகத்தைக் குறைப்பது, ஏறி இறங்கும்போது கைகால் நான்கில் மூன்றை எப்போதும் பிடிமானத்தில் வைத்துக்கொள்வது, மேலே சொன்ன மின்கம்பி ஆபத்தைத் தவிர வேறெந்நிலையிலும் குதித்து இறங்காதிருப்பது ஆகியவற்றை இருபது வயதில் பழகியவர் ஐம்பது வயதிலும் வேலை செய்வார். பழைய காலத்து லீவர்களுக்குத் தோள்வலு வேண்டியிருந்தது; இன்றைய ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலால் அசைக்கலாம். ஆகவே பெண்கள் இதற்கு வருவதற்கு உடல்வலுவைத் தடையாகச் சொல்வதில் பொருளே இல்லை. என்னிடம் கற்றவர்களில் வண்டியை நாள்தோறும் மிகக் கவனமாகச் சுற்றிப் பார்த்தவர்கள் பெண்கள்தான் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனி, பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். அங்குள்ள வண்டிகளின் பின்களில் புதிய கிரீஸ் இருக்கிறதா, கண்ணாடிகள் உடையாமல் இருக்கின்றனவா, பெல்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள்; தங்கள் வண்டியையே கவனிக்காதவர்கள் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். பயிற்றுநர் சைட்டில் வேலை பார்த்தவரா என்று விசாரியுங்கள். மாணவர்கள் தாங்களே குறி அடித்து, மட்டம் பார்த்து, தோண்டி, மறுபடியும் மட்டம் சரிபார்க்கிறார்களா, அல்லது யாரோ காட்டிய இடத்தில் மண்ணை இங்கும் அங்கும் மாற்றிப் போடுகிறார்களா என்று சிறிது நேரம் நின்று கவனியுங்கள். அவர்கள் தரும் சான்றிதழை நீங்கள் வேலைக்குப் போக விரும்பும் இடத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்பதை, நிலையத்தாரிடம் கேட்காமல், வேலை கொடுப்பவர்களிடமே கேளுங்கள். பிரிட்டனில் கட்டுமான இயந்திர ஆபரேட்டர்களுக்குத் திறன் அட்டை வழங்கும் சிபிசிஎஸ் திட்டத்தில் பயிற்சி முடித்தவருக்கு முதலில் சிவப்பு அட்டைதான் தருகிறார்கள். வேலையிடத்தில் திறனை நிரூபித்த பிறகே நீல அட்டை. அந்த வேறுபாடு உங்கள் நாட்டின் சட்டத்தில் இல்லாவிட்டாலும், உங்கள் மனத்தில் இருக்கட்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இயந்திரம், என்ன மாடல், எத்தனை மணி நேரம், என்ன மண், என்ன வேலை, மேற்பார்வை செய்தவர் யார் என்று அன்றன்றைக்கே எழுதி, முடிந்தால் சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். முதல் நேர்காணலில், தெரியாத இயந்திரத்தைத் தெரியும் என்று சொல்லாமல், அந்த நோட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஹெல்பராகச் சேர்கிறாயா என்று கேட்டால் சேருங்கள். ஆனால் எந்தக் காலத்துக்குப் பிறகு, யார் மேற்பார்வையில், எந்த வண்டியில் உங்களை ஏற்றுவார்கள் என்பதைச் சேரும் அன்றே கேட்டு, பதிலை அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.